பின்னால் சத்தம் போடும் வண்டி: ஸ்பேனரைத் தொடும் முன்

"அண்ணாச்சி, வண்டி பின்னாடி என்னமோ சத்தம் போடுது" என்று வாரத்துக்கு ஒரு தம்பியாவது எனக்கு போன் செய்கிறான். என்ன சத்தம் என்று கேட்டால் "ஒரு மாதிரி சத்தம்" என்பான். எப்போது வருகிறது என்றால் "எப்பவும்தான்" என்பான். இந்த இரண்டு பதிலை வைத்துக்கொண்டு எந்த மெக்கானிக்காலும் ஒன்றும் செய்ய முடியாது. அவருக்குக் கழற்றத் தெரிந்த பாகத்தை முதலில் கழற்றுவார், அவ்வளவுதான். அப்படிக் கழற்றியதற்கு நானும் ஒருமுறை பணம் கட்டியிருக்கிறேன். அந்தக் கதை கீழே வருகிறது.

நான் சொல்வது பின்சக்கரம் இழுக்கிற, பின்னால் ஸ்பிரிங் பட்டை உள்ள வண்டிகளுக்கு: பொலேரோ, பழைய மேஜர் ஜீப், பிக்கப் வகையறா. சுருள் ஸ்பிரிங் வண்டி வைத்திருப்பவர்கள் பட்டை பற்றிய பகுதியை விட்டுவிட்டு மற்றதைப் படிக்கலாம்.

நம்ம திருநெல்வேலிப் பக்கம் வண்டியின் அமைப்பை மாற்றுகிறவர்கள் மூன்று ரகம். களக்காடு, ஏர்வாடிப் பக்கம் வாழைத்தார் ஏற்றுகிறவர்கள் ஒன்றிரண்டு பட்டை கூடுதலாகச் சேர்ப்பார்கள். திசையன்விளை, உவரிப் பக்கம் தேரியில், அதாவது செம்மணல் மேட்டில், போகிறவர்கள் அகல டயர் போடுவார்கள். மூன்றாவது ரகம் என்னைப் போல, உயரமாக நின்றால் பார்க்க நன்றாக இருக்கும் என்பதற்காகவே செலவழிப்பவர்கள். என் பொலேரோவில் இரண்டு பட்டை சேர்த்ததில் பின்பக்கம் சுமார் 5 செ.மீ. எழும்பியது, 215/75 ஆர்15 டயர் போய் 235/75 ஆர்15 வந்தது. (மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதைப் பற்றியது. காசு செலவழிக்கும் முன் அதையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள். நான் பிறகுதான் வாசித்தேன்.)

முதல் அரை மணி நேரம்

முதல் கேள்வி: கடைசியாக எதை மாற்றினீர்கள்? மாற்றாத வண்டியில் சத்தம் வந்தால் தேய்மானத்தைத் தேடலாம். மாற்றிய வண்டியில், கடைசியாகக் கைவைத்த இடத்திலிருந்து ஒரு முழ தூரத்துக்குள்தான் பெரும்பாலும் குற்றவாளி இருப்பான். பட்டை போட்டு ஒரு மாதத்தில் சத்தம் வந்தால் கிரவுன் பினியனைப் பற்றி (பின் அச்சின், அதாவது ஆக்சிலின், நடுவே சக்கரங்களைச் சுற்றவைக்கும் பற்சக்கர ஜோடி) யோசிக்கவே வேண்டாம், பட்டையை ஆக்சிலோடு கட்டும் யு-போல்ட்டில் ஆரம்பியுங்கள்.

அடுத்தது, சத்தம் எதோடு சேர்ந்து மாறுகிறது என்று பார்க்க வேண்டும். காலையில் நாங்குநேரியிலிருந்து வள்ளியூர் போகும் நான்குவழிச் சாலை இதற்கு நல்ல இடம். முன்னும் பின்னும் வண்டி இல்லாதபோது சத்தம் வரும் வேகத்தில் நியூட்ரலில் விடுங்கள். சாவியை அணைக்கக் கூடாது. ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளலாம், பிரேக்கும் கெட்டியாகிவிடும். நியூட்ரலில் விட்ட பிறகும் அதே சத்தம் அதே அளவில் இருந்தால் இன்ஜினையும் கிளட்சையும் மறந்துவிடலாம். அப்புறம் அதே வேகத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்து ஒருமுறை, காலை எடுத்து ஒருமுறை கேளுங்கள். பிறகு நான்குவழியை விட்டு இறங்கி ஊர்ச் சாலையில் அதே வேகம். சாலை மாறியதும் சத்தமும் மாறினால் அது டயர்.

ஒரு எச்சரிக்கை. ஆடி மாதத்தில் பணகுடி தாண்டிப் போய் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ரூஃப் கேரியருக்குள் புகுந்து ஊதும். அதை டிஃபரன்ஷியல் (கிரவுன் பினியன் இருக்கும் பெட்டி) ஊளை என்று நினைத்து ஆயிலை மாற்றிய ஒருவரை எனக்குத் தெரியும்.

இன்னொன்று: வண்டியின் அடியில் சத்தம் இடம் மாறித்தான் கேட்கும். சேஸி நீளமான இரும்பு. பின்னால் தட்டினால் டிரைவர் சீட்டுக்கு அடியில் கேட்கும். அதனால் காதை மட்டும் நம்பாமல் நான் வெற்றிலைச் சுண்ணாம்பைப் பயன்படுத்துகிறேன். ஆக்சில் மேலே வந்தால் மோதும் இடம், சைலன்சர் பைப் ஆக்சிலைத் தாண்டும் இடம், ஷேக்கிள் (பட்டையின் ஒரு முனையைச் சேஸியோடு சேர்க்கும் ஊஞ்சல் துண்டு) ஓரம், ஷாக் அப்சார்பர் அடிப்பகுதி என்று சந்தேகம் உள்ள எல்லா இடத்திலும் ஒரு பொட்டு தடவி, காய்ந்ததும் நாலு வேகத்தடை ஏறி இறங்கி வாருங்கள். எங்கே அழிந்திருக்கிறதோ அங்கே உரசுகிறது. போல்ட் தலையிலிருந்து பக்கத்துத் தகடு வரை ஒரு கோடு இழுத்து வைத்தால், போல்ட் சுற்றியிருந்தால் கோடு உடைந்திருக்கும். பத்து ரூபாய்ச் சுண்ணாம்பு ஒரு வருஷத்துக்கு வரும்.

வண்டிக்கு அடியில் போவதென்றால் ஜாக்கியை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஸ்டாண்ட் வைத்து, முன்சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்த பிறகுதான். பின்பக்கத்தைத் தூக்கி வைத்து கியரில் ஓடவிட்டுச் சத்தம் கேட்பதும் வேண்டாம். ஆபத்து ஒரு பக்கம் இருக்க, ஆக்சில் தொங்கும்போது, கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்குப் போகும் நீண்ட சுழலும் குழாயான ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணமே வேறாகிவிடும். இல்லாத அதிர்வு எல்லாம் வரும்.

கிளம்பும்போதும் நிற்கும்போதும் "ணங்"

கிளம்பும்போது ஒரு அடி, கியர் மாற்றும்போது ஒரு அடி, ரிவர்ஸ் போட்டால் இன்னொரு அடி. இது எங்கோ இருக்கும் இடைவெளி ஒரேயடியாக மூடிக்கொள்ளும் சத்தம். இடைவெளி ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் முனையில் வளைந்து கொடுக்கும் சிலுவை வடிவ மூட்டான கிராஸில் இருக்கலாம், ஷாஃப்ட் நீண்டு சுருங்கும் பல் இணைப்பான ஸ்பிளைனில் இருக்கலாம், கிரவுன் பினியன் பல்லுக்கு இடையில் இருக்கலாம், ஆக்சில் ஷாஃப்ட் நுனியிலும் இருக்கலாம்.

நான்கு சக்கரமும் தரையில் இருக்க, நாலு பக்கமும் கல் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, ஷாஃப்ட்டைக் கையால் இடமும் வலமும் திருப்புங்கள். கிராஸின் இரண்டு பக்கமும் அதைக் கவ்விப் பிடிக்கும் நுகங்களில் ஒன்று அசைந்து மற்றது அசையாமல் இருந்தால் கிராஸ் போய்விட்டது. இரண்டும் சேர்ந்தே ஆடி, டிஃபரன்ஷியலுக்குள் "டக்" என்று கேட்டால் அது பல்லுக்கு நடுவில் உள்ள இடைவெளி. அங்கே கொஞ்சம் இருந்தே தீரும். இல்லாவிட்டால் பல் சூடேறிப் போய்விடும். பழைய வண்டியில் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் பதற வேண்டாம்.

சிக்னலில் நின்று ஒரு வினாடி கழித்து "ணங்" என்றால் பெரும்பாலும் ஸ்பிளைன்தான் காய்ந்திருக்கும். பிரேக் போட்டதும் பட்டை முறுக்கிக்கொள்ளும், நின்றதும் விட்டுக்கொடுக்கும், அப்போது ஸ்பிளைன் சறுக்கவேண்டிய இடத்தில் ஒட்டிப் பிடித்து, பிறகு வெடுக்கென்று விடும். நிப்பிளில் கிரீஸ் அடித்தால் தீரும். உயர்த்திய வண்டியில் இன்னொன்றையும் பாருங்கள்: ஆக்சில் கீழே இறங்கியதால் ஸ்பிளைன் வெளியே இழுபட்டிருக்கும். உள்ளே பிடிமானம் குறைந்தால் ஷாஃப்ட் தள்ளாடும். கழற்றி மாட்டுவதாக இருந்தால் இரண்டு பாதியிலும் முதலில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் இரண்டு முனையின் நுகங்களும் ஒரே தளத்தில் நிற்காது. அதற்கப்புறம் "ணங்" போய் அதிர்வு வந்து உட்காரும்.

இப்போது என் கதை. நாங்குநேரிப் பக்கம் ஒரு வேகத்தடையில் பிரேக் போட்டபோது முதன்முதலாக "டொம்" என்று கேட்டது. "ணங்" இல்லை, "டொம்". இந்த வித்தியாசத்தை நான் அப்போது கவனிக்கவில்லை. ஒரு பட்டறையில் கொடுத்தேன். கிரவுன் பினியன் போயிருக்கு என்றார்கள், செட்டாக மாற்றினார்கள். வீட்டுக்கு வரும் வழியில் தச்சநல்லூர் தாண்டுவதற்குள் மறுபடி "டொம்". போதாக்குறைக்கு 60-க்கு மேலே ஒரு புது ஊளை வேறு. புதுப் பினியனைச் சரியான ஆழத்தில் உட்கார வைக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவும்போதுதான் கண்ணில் பட்டது: இடது பின்டயருக்கும் அதன் முன்னால் உள்ள தகட்டுக்கும் இடையில் என் கை நுழையவில்லை; வலது பக்கம் தாராளமாக நுழைந்தது. பட்டைகளை ஒன்றாகக் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் இடது பக்கம் உடைந்திருந்தது. யு-போல்ட் தளர்ந்ததால் ஆக்சில் முன்னும் பின்னும் நகர்ந்து, அந்த போல்ட்டை வெட்டிவிட்டது. பட்டை சேர்த்தபோது பழைய யு-போல்ட்டையே மாட்டியிருந்தோம். ஓடிய பிறகு மறுமுறை முறுக்கவும் இல்லை. குற்றம் பாதி என்னுடையதுதான்.

ஆகவே "டொம்" என்றால் முதலில் ஒரு கயிறு எடுங்கள். பட்டையின் முன்முனை வளையத்தில் (முன்கண்) உள்ள போல்ட்டிலிருந்து ஆக்சில் வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் வண்டி நண்டு மாதிரிப் பக்கவாட்டில் போகிறது என்று அர்த்தம். அந்த நிலையில் ஓட்டாதீர்கள். யு-போல்ட்டைப் புதிதாக வாங்குங்கள், குறுக்குக்குறுக்காக முறுக்குங்கள், சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப முறுக்குங்கள். புதிய பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து உட்காரும். உட்கார்ந்ததும் பிடி தளரும்.

மெதுவாகப் போகும்போது "கிச் கிச்"

தெருவுக்குள் 15, 20 வேகத்தில் ஒரு குருவி கூடவே வருவது போல் இருக்கும். வேகம் கூடினால் கிச்சும் வேகமாகும், அப்புறம் இரைச்சலில் மறைந்துவிடும். இது கிராஸ். உள்ளே ஊசி மாதிரி மெல்லிய உருளைகள் கிரீஸ் இல்லாமல் காய்ந்துவிட்டன.

இதற்கு எல்லோரும் சொல்லும் அடையாளம், கிராஸ் கிண்ணங்களைச் சுற்றிச் சிவப்புத் தூள். உள்ளே துருப்பிடித்து அரைபட்டு வெளியே வரும் தூள் அது. ஆனால் நம்ம ஊரில் ஒரு சிக்கல்: தேரியில் ஒருமுறை போய் வந்தால் வண்டிக்கு அடியில் எல்லாமே சிவப்புத்தான். அதனால் முதலில் நன்றாகக் கழுவிவிட்டு, தார்ச் சாலையில் மட்டும் ஒரு 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பாருங்கள். மற்ற இடம் எல்லாம் சுத்தமாக இருந்து கிண்ணத்தின் வாயில் மட்டும் சிவப்புக் கோடு தெரிந்தால் அது துரு. கிரீஸ் அடித்தால் கிச் சில நாள் அடங்கும். ஊசிகள் ஏற்கெனவே குழி பறித்திருந்தால் திரும்ப வரும். கிராஸை மாற்றுவது பெரிய செலவில்லை. மாற்றாமல் விட்டு, வேகமாகப் போகும்போது ஷாஃப்ட் கழன்றால் அது அடியில் உள்ள எதையும் விட்டுவைக்காது. "கிச்" என்பது "கடக் கடக்" ஆகிவிட்டால் வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அதிர்வும் "உம்ம்ம்" என்ற முனகலும்

உயர்த்திய வண்டிக்கென்றே உள்ள வியாதி இது. இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

235/75 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 73 செ.மீ.; ஒரு சுற்றுக்கு 2.3 மீட்டர் போகும். மணிக்கு 80 கி.மீ. என்பது வினாடிக்கு 22.2 மீட்டர். அப்படியானால் டயர் வினாடிக்குச் சுமார் 10 சுற்று. டிஃபரன்ஷியல் விகிதம் 4 என்று வைத்தால் ஷாஃப்ட் வினாடிக்குச் சுமார் 40 சுற்று. கிராஸ் கோணத்தில் நிற்கும்போது ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும், அது 80. ஆக, சீட்டில் உடம்பு குலுங்கும் அளவுக்கு மெதுவான ஆட்டம் என்றால் டயர், ரிம், பேலன்ஸ். எண்ண முடியாத அடர்த்தியான ரீங்காரம் என்றால் ஷாஃப்ட் அல்லது கிராஸ். ஒலியின் அதிர்வெண் காட்டும் செயலி போனில் இருந்தால் பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 40-க்குப் பக்கம் என்றால் ஷாஃப்ட் பேலன்ஸ், 80-க்குப் பக்கம் என்றால் கோணம். உங்கள் வண்டியின் விகிதம் கையேட்டில் இருக்கும், அதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

கோணம் ஏன் கெடுகிறது? ஒரு கிராஸ் வளைந்து சுற்றும்போது வேகம் ஏறி இறங்கும். மறுமுனையில் இருக்கும் கிராஸ் அதே அளவு எதிர்ப்பக்கம் வளைந்திருந்தால் அந்த ஏற்றஇறக்கத்தைச் சமன் செய்துவிடும். அதற்கு கியர்பாக்ஸின் வெளிவரும் ஷாஃப்ட்டும் பினியன் ஷாஃப்ட்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். வண்டியை உயர்த்தினால் இரண்டு கோணமும் சேர்ந்து கூடும். சமமாகக் கூடினால் ஓரளவு தாங்கும்.

இங்கேதான் நம்ம ஆட்கள் ஒரு வேலை செய்கிறார்கள். பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் ஆப்பு வைத்து, பினியன் மூக்கை நேராக கியர்பாக்ஸைப் பார்க்கத் திருப்பிவிடுகிறார்கள். பார்வைக்குச் சரியாகத்தான் தெரியும். முனைக்கு ஒரு கிராஸ் உள்ள சாதாரண ஷாஃப்ட்டில் அது தவறு: கீழ்முனைக் கோணம் கிட்டத்தட்ட பூஜ்யம், மேல்முனைக் கோணம் அப்படியே. சமன் செய்ய ஆள் இல்லை. பினியனை கியர்பாக்ஸைப் பார்க்கத் திருப்புவது மேல்முனையில் இரட்டைக் கிராஸ் உள்ள ஷாஃப்ட்டுக்குத்தான்.

போனில் மட்டம் பார்க்கும் செயலி இருக்கிறது. வண்டி தன் சொந்தப் பாரத்தில் சமதரையில் நிற்கும்போது மூன்று இடத்தில் அளவெடுங்கள்: கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் முகம், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் குழாய், பினியன் முகம். இரண்டு முனைக் கோணங்களுக்கும் வித்தியாசம் 1 டிகிரிக்குள் இருக்கட்டும். ஒவ்வொன்றும் 3 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. உயர்த்திய வண்டியில் அது எப்போதும் கிடைக்காது. ஆப்பு வைத்தே தீர வேண்டுமென்றால் இரும்பில் வையுங்கள். அலுமினிய ஆப்பு நசுங்கினால் யு-போல்ட் தளரும், அப்புறம் நாம் மறுபடி நாங்குநேரி வேகத்தடைக்கே வந்துவிடுவோம்.

மலையேறும்போது முதல் கியரில் கிளம்பினால் பின்பக்கம் முழுதும் குதிரை மாதிரி உதறுகிறதா? பாபநாசத்திலிருந்து காரையாறு ஏறும் வழியில் இதை நன்றாகக் கேட்கலாம். ஆக்சில் தன்னைத்தானே சுற்றப் பார்க்கிறது. பட்டை பாம்பாக நெளிந்து, திரும்ப நிமிர்கிறது. உயரத்துக்காகப் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் கட்டை வைத்த வண்டியில் இது அதிகம், பட்டை சேர்த்த வண்டியில் குறைவு.

ஊளை

டிஃபரன்ஷியல் ஊளை என்று சொல்லப்படுவதில் பாதி, முரட்டுப் பல் டயரின் ரீங்காரம். மேலே சொன்ன சாலை மாற்றும் சோதனை இதற்குத்தான். சந்தேகம் தீராவிட்டால் கையேடு சொல்லும் உச்ச அளவுவரை காற்றை ஏற்றி ஓட்டிப் பாருங்கள். சத்தத்தின் சுருதி மாறினால் டயர்.

மிதிக்கும்போது மட்டும் ஊளை, காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. அல்லது நேர்மாறாக, காலை எடுத்தால்தான் வருகிறது. இரண்டுமே பல் சரியாகப் பொருந்தாத சத்தம். அண்மையில் யாரோ திறந்து மூடியிருந்தால் அதுவே காரணம். மிதித்தாலும் எடுத்தாலும் ஒரே மாதிரி உறுமினால் பேரிங். வளைவில் மாறும் உறுமல் சக்கர பேரிங்: வலது பக்கம் திரும்பும்போது பாரம் இடது பக்கம் சாயும், அப்போது சத்தம் கூடினால் இடது பேரிங்கைப் பாருங்கள்.

எதையும் திறக்கும் முன் ஆயிலைப் பாருங்கள். நிரப்பும் துளையின் விளிம்புவரை இருக்க வேண்டும். வடிக்கும் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு மாதிரி ஒட்டியிருந்தால் இயல்பு. நகத்தில் தட்டுப்படும் சில்லு இருந்தால் இயல்பில்லை. ஆயில் பால் ஊற்றிய காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர். நம்ம ஆட்களுக்குத் தாமிரபரணியில் வண்டியை இறக்கிக் கழுவாவிட்டால் தூக்கம் வராது. ஓடிச் சூடான ஆக்சில் திடீரென்று குளிரும்போது உள்ளே உள்ள காற்று சுருங்கி, கிடைத்த வழியில் தண்ணீரை உறிஞ்சும். அதைத் தடுக்கத்தான் மேலே மூச்சுவிடும் குழாய் இருக்கிறது. வண்டியை உயர்த்தும்போது அந்தக் குழாய் எட்டாமல் இழுபட்டுக் கழன்றிருப்பதை நிறைய வண்டிகளில் பார்த்திருக்கிறேன். நீளமான குழாய் போட்டு மேலே ஏற்றிக் கட்டுங்கள்.

அப்படியே குனிந்திருக்கும்போது பின் பிரேக் ஹோஸையும் ஒரு பார்வை பாருங்கள். ஆக்சில் முழுதாகத் தொங்கும்போது அது விறைப்பாக நிற்கக் கூடாது. சில வண்டிகளில் பாரத்துக்கேற்பப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வின் கம்பி ஆக்சிலோடு இணைந்திருக்கும். உயர்த்திவிட்டால் வண்டி காலியாக இருக்கிறது என்று அது நினைத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். சத்தத்தைத் தேடிப் போய் இதைக் கண்டுபிடித்தால் அன்றைக்கு நல்ல நாள்.

திரும்பும்போது மட்டும்

நேராகப் போனால் அமைதி, திரும்பினால் "கட கட". பூட்டும் வகை டிஃபரன்ஷியல் உள்ள வண்டியில் ஒரு சக்கரம் வழுக்கும்போது வரும் ஒற்றை "டக்" அதன் வேலையே. கிளட்ச் தட்டு வகையில் தொடர்ந்து உதறினால், அதற்கென்று உள்ள ஆயிலோ, அதில் சேர்க்க வேண்டிய திரவமோ ஊற்றப்படவில்லை. சாதாரண டிஃபரன்ஷியலில் திரும்பும்போது மட்டும் சத்தம் என்றால் நடுவில் உள்ள சின்னப் பற்சக்கரங்கள். இதெல்லாம் அரிது. முதலில் டயர் உள்பக்கம் எங்காவது உரசியிருக்கிறதா பாருங்கள்.

மேடு பள்ளத்தில் "கீச்", "டொக்"

"கீச்" என்றால் பட்டைகளுக்கு நடுவில் மணல், அல்லது பட்டை முனைக் கண்ணுக்குள் இருக்கும் புஷ். நம்ம வழக்கம் பழைய இன்ஜின் ஆயிலை மேலே ஊற்றுவது. ரெண்டு நாள் அமைதி. அப்புறம் அதே ஆயில் தேரி மணலைப் பிடித்துவைத்துக்கொண்டு உப்புத்தாள் மாதிரித் தேய்க்கும், ரப்பர் புஷ்ஷையும் ஊற வைக்கும். பட்டையைப் பிரித்துக் கழுவி, நுனியில் உள்ள தேய்மானத் துண்டுகளைப் புதிதாகப் போட்டு, கிராஃபைட் தடவுவதுதான் நிலையான வழி. பாலியூரித்தேன் புஷ் போட்டிருந்தால் சிலிகான் கிரீஸ் வேண்டும்.

ரப்பர் புஷ் புதிதாகப் போட்டும் சில வாரத்தில் கிழிந்தால், மாட்டிய விதத்தில் தவறு. சக்கரம் தொங்கும்போது கண் போல்ட்டை முறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியைக் கீழே இறக்கியதும் முறுக்கிக்கொண்டே வாழ வேண்டும். வண்டி தரையில் நின்று பாரம் ஏறிய பிறகுதான் கடைசி முறுக்கு.

"டொக்" என்றால் ஷாக் அப்சார்பர். உயர்த்திய பின்னும் பழைய நீள ஷாக் இருந்தால், பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது ஷாக் முழுதும் நீண்டு முட்டும். ஷாக் தண்டில் ஒரு பிளாஸ்டிக் டையை இறுக்காமல் கட்டி ஓட்டிப் பாருங்கள். டை எங்கே போய் நிற்கிறதோ அதுவரை அமுங்கியிருக்கிறது. ஷாக் நீளும் அளவை டை காட்டாது, அதற்குச் சுண்ணாம்புதான்.

"டிக் டிக்"

சக்கரம் சுற்றும் வேகத்தில் டிக் டிக். எல்லாவற்றுக்கும் முன்னால் வீல் நட். அலாய் ரிம்மோ ஸ்பேசரோ போட்டவர்கள் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நட் இறுக்கமாக இருந்தால், ஓடும்போது பிரேக்கை லேசாகத் தொடுங்கள். சத்தம் நின்றால் டிரம்முக்குள் ஷூவோ அதன் ஸ்பிரிங்கோ.

அதுவும் இல்லை என்றால் டயர்ப் பல்லுக்குள் பாருங்கள். கிரவுன் பினியன் செட் எல்லாம் மாற்றி முடித்த பிறகு எனக்கு ஒரு டிக் டிக் வந்தது. மூன்று நாள் கிராஸ், பேரிங், டிரம் என்று எல்லாவற்றையும் நினைத்துப் பயந்தேன். கடைசியில் வலது பின்டயரில், முக்கால் ஜல்லிக் கல் ஒன்று. ஸ்குரூடிரைவரால் நெம்பி எடுத்தேன்.